எக்செலிலிருந்து அவுட்லுக் வழியாக அழகான மெயில், கையெழுத்து தொலையாமல்

எக்செல் ஷீட்டில் வாடிக்கையாளர் பெயர், மெயில் முகவரி, பாக்கித் தொகை எல்லாம் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் கட்டம் போட்ட அட்டவணையோடு ஒரு நினைவூட்டல் போக வேண்டும் என்றால் அதற்கு ஒரு விபிஏ மேக்ரோவே (எக்செலுக்குள்ளேயே எழுதும் சிறு நிரல்) போதும். ஆனால் உங்களிடம் இருப்பது கிளாசிக் அவுட்லுக்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் வரும் புதிய அவுட்லுக்கை இப்படி மேக்ரோவால் இயக்க முடியாது.

தொடக்கம் சுலபம். கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் அவுட்லுக்கைப் பிடித்து, கிரியேட்ஐட்டத்துக்கு 0 கொடுத்தால் புது மெயில் தயார். டு, சிசி, சப்ஜெக்ட் மூன்றையும் செல்லிலிருந்து நிரப்பலாம். மெயிலின் வாசகத்தை 'பாடி'யில் போட்டால் வெறும் எழுத்துதான் போகும், 'ஹெச்டிஎம்எல்பாடி'யில்தான் போட வேண்டும். வரி பிரிக்க அங்கே <br> என்ற ஹெச்டிஎம்எல் குறி, அதாவது பிஆர் டேக் வேண்டும், விபிஏவின் வரிமுறிவு எடுபடாது.

பலர் சறுக்குவது கையெழுத்தில்தான். ஹெச்டிஎம்எல்பாடியில் நேராக எழுதி அனுப்பினால், வழக்கமாக அடியில் வரும் உங்கள் பெயரும் பதவியும் போன் நம்பரும் காணாமல் போகும். அதனால் முதலில் டிஸ்ப்ளே கொடுங்கள். ஜன்னல் திறந்ததும் கையெழுத்து தானாக உள்ளே வந்துவிடும். அப்புறம் ஹெச்டிஎம்எல்பாடியைப் படித்து, <body என்று பாடி டேக் எங்கே தொடங்குகிறது என்று இன்ஸ்டர் (InStr) ஃபங்ஷனால் தேடி, அந்த டேக் மூடும் இடத்துக்கு அடுத்தபடியாக உங்கள் பகுதியைச் செருகுங்கள். <body> என்று முழு டேகாகத் தேடாதீர்கள், அவுட்லுக் அதற்குள் மொழி, லிங்க் நிறம் என்று என்னென்னவோ எழுதி வைத்திருக்கும், அதனால் கிடைக்காது.

தொகையை எடுக்கும்போது செல்லின் வேல்யூவைக் கேட்டால் 125000 என்று மொட்டையாக வரும். டெக்ஸ்டைக் கேளுங்கள், ஷீட்டில் தெரிகிறபடியே 1,25,000 என்று கமாவோடு வரும். நெடுவரிசை குறுகலாக இருந்து ஷீட்டில் வெறும் ஹேஷ் குறிகள் தெரிந்தால் அதுவே மெயிலிலும் போய்விடும், ஆகவே அகலத்தைச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுபவர்கள் வாசகங்களை மேக்ரோவுக்குள் தட்டச்சு செய்யவே வேண்டாம், விபிஏ எடிட்டர் அவற்றைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். ஒரு செல்லில் வைத்து அங்கிருந்து படிக்க வைத்தால் பிரச்சினையே இல்லை.

வடிவமைப்பில் ரொம்ப ஆசைப்படாதீர்கள். 2007 முதல் கிளாசிக் அவுட்லுக் மெயிலைக் காட்டுவது வேர்டின் எஞ்சினை வைத்துத்தான், வெப்சைட்டில் அழகாக நிற்கும் ஃப்ளெக்ஸ் போன்ற அடுக்கு முறைகள் இங்கே குலைந்துபோகும். டேபிள் போட்டு, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் ஒவ்வொரு டிடி டேகுக்குள்ளேயே (டேபிளின் ஒரு கட்டத்துக்கான டேக்) ஸ்டைலாக எழுதுவதுதான் நம்பகமான வழி.

சென்ட் வரியை எடுத்த எடுப்பில் சேர்க்காதீர்கள். டிஸ்ப்ளேயோடு நிறுத்தி நாலைந்து மெயிலைக் கண்ணால் பார்த்து, ஒன்றை உங்களுக்கே அனுப்பி, போனிலும் திறந்து பாருங்கள். ஒருவரின் பாக்கி இன்னொருவருக்குப் போய்விட்டால் திரும்பப் பெற வழியில்லை. எல்லாம் சரியென்றால் சென்டைச் சேர்த்து ஓட்டலாம், அவுட்பாக்ஸ் காலியாகும் வரை அவுட்லுக்கை மூடாமல் இருங்கள்.