பழைய நாட்டுப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

அகராதியில் தொடங்காதீர்கள், கல்வெட்டில் தொடங்குங்கள். பெயர் வரும் இடங்களைக் காலவரிசையில் எழுதி, எந்த மொழிக்காரர் பொறித்தது என்றும் பக்கத்தில் குறியுங்கள். சோழமண்டலத்தையே பாருங்கள்: அசோகரின் 2ஆம் பாறைக் கல்வெட்டில் ‘சோட’, ஐரோப்பியர் வாயில் ‘கோரமண்டல்’. ழகரம் இல்லாத மொழிகளில் அது டகரமாகவோ ரகரமாகவோ திரியும். இந்தத் திரிபைப் பார்க்காமல் ஒலியை மட்டும் பிடித்தால், ‘கரிமணல்’தான் கோரமண்டல் ஆயிற்று என்பது போன்ற விளக்கங்கள் முளைக்கும்.

அடுத்து, அரசன் இட்ட பெயரா, மக்கள் வழங்கிய பெயரா என்று பிரியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ‘ஜயங்கொண்ட சோழமண்டலத்துப் புலியூர்க் கோட்டத்து’ என்று வந்தால், மண்டலப் பெயர் தொண்டைநாட்டுக்கு இடப்பட்ட முதலாம் ராஜராஜனின் பட்டம். தொண்டைநாட்டின் தன்மையை அதில் துருவுவது வீண். மண்டலத்தின் உட்பிரிவான கோட்டத்தின் பெயரைப் பிடியுங்கள், அதுதான் பழையது. பாண்டிநாடும் அப்படியே ‘ராஜராஜப் பாண்டி மண்டலம்’ ஆனது.