எந்த விஎம்மில் டிபிஎம் இருக்கிறது? பவர்ஷெல்லில் கண்டுபிடித்த விதம்

ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்ட்டின் மெய்நிகர் கணினி மென்பொருள்) சர்வரில் இருந்த விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, விண்டோஸ் 11-க்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்; விஎம்மில் அதன் மெய்நிகர் வடிவம்) வேண்டும். ஒவ்வொன்றாக செட்டிங்ஸ் திறந்து பார்ப்பது ஆகிற காரியமா? பவர்ஷெல்லை (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவி) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விஎம்களைப் பட்டியலிடும் 'கெட்-விஎம்' வெளியீட்டை அப்படியே 'கெட்-விஎம்செக்யூரிட்டி'க்கு பைப் செய்தேன், அதாவது உள்ளீடாக அனுப்பினேன். டிபிஎம்எனேபிள்ட் (டிபிஎம் இயக்கத்தில் உள்ளதா), ஷீல்டட் (கவசமிட்ட விஎம்மா) எல்லாம் வந்தன. ஆனால் ட்ரூ, ஃபால்ஸ் என்று வரிசையாக ஓடியதே தவிர, எது எந்த விஎம்முடையது என்று பெயர் இல்லை.

சரி என்று ஒவ்வொரு விஎம்மாகச் சுற்றிவரும் ஃபார்ஈச் லூப் போட்டு, விஎம் பெயர், ஜெனரேஷன் (விஎம்மின் வகை, 1 அல்லது 2), டிபிஎம் நிலை மூன்றையும் ஒரே கஸ்டம் ஆப்ஜெக்டில் சேர்த்தேன். அட்டவணை தெளிவாக வந்துவிட்டது. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் ஏற்றும் வசதி) நிலை இதில் வராது, அதை 'கெட்-விஎம்ஃபர்ம்வேர்' தான் தரும். அதுவும் ஜெனரேஷன் 2-க்கு மட்டும். ஜெனரேஷன் 1 விஎம்மில் எரர் அடிக்கும். அதனால் லூப்புக்குள் ஜெனரேஷனைச் சோதிக்கும் ஓர் இஃப் நிபந்தனை கட்டாயம் வேண்டும்.

டிபிஎம் இல்லாத ஜெனரேஷன் 2 விஎம்களை அணைத்துவிட்டு, முதலில் 'செட்-விஎம்கீப்ரொடெக்டர்' கட்டளையை நியூலோக்கல்கீப்ரொடெக்டர் ஸ்விட்சுடன் கொடுத்தேன், அப்புறம் 'எனேபிள்-விஎம்டிபிஎம்'. இந்த வரிசை முக்கியம், கீ ப்ரொடெக்டர் (டிபிஎம்மின் சாவியைக் காக்கும் அமைப்பு) இல்லாமல் டிபிஎம் ஏறாது. மறுபடி அதே ஸ்கிரிப்டை ஓட்டியதும் எல்லா ஜெனரேஷன் 2 விஎம்களிலும் ட்ரூ வந்தது.