சிராந்தான்! சாம்பெக்! மொரீஷியஸ் கிரியோலில் ஒரு சொல் விளையாட்டு செய்வது எப்படி?

மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சந்தையில் காய் வாங்கும் அளவுக்கு, இங்கே எல்லாரும் பேசும் மொழியான கிரியோல் வந்துவிட்டது. ஆனால் நாலு பேர் கூடி அரட்டையடிக்கும் இடத்தில் வாய் திறக்க வராது. அதற்காக நானே செய்துகொண்டது இந்த விளையாட்டு. அட்டையில் உள்ள சொல்லைச் சொல்லாமல் ஒருவர் விவரிக்க வேண்டும். அவருடைய அணி ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லுக்குக் கீழே மூன்று தடைச்சொற்கள் இருக்கும்; விவரிப்பவர் அவற்றையும் சொல்லக்கூடாது. மதிப்பெண் கணக்கெல்லாம் உங்கள் இஷ்டம்.

இலக்கணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆளுக்கு ஆள் வினைச்சொல் மாறாது. மோ மான்ஜே, தோ மான்ஜே, லி மான்ஜே: நான், நீ, அவன் எல்லாருக்கும் ஒரே 'மான்ஜே'தான்.

1. அட்டை

விசிட்டிங் கார்டு கனத்தில் 60 அட்டை போதும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். நான் மார்க்கரில் எழுதி, மை பின்பக்கம் ஊறி, எதிரே உட்கார்ந்திருந்தவர் சாவகாசமாகப் படித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மொபைலில் செய்யலாமே என்பார்கள். வேண்டாம்; நடுவில் யாருக்காவது போன் வரும்.

2. சொல் பொறுக்குவது

நான் வழுக்கி விழுந்த இடம் இது. முதல் பட்டியலில் மேசை (லதாப்), தண்ணீர் (திலோ), அரிசி (திரி) என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி வைத்தேன். முதல் ஆட்டத்திலேயே ஒருவர் 'லதாப்' அட்டையை எடுத்து, அதே சொல்லைப் பிரெஞ்சு உச்சரிப்பில் சொன்னார். இரண்டு நொடியில் ஆட்டம் முடிந்தது. "நான் கிரியோலில் சொல்லவில்லையே" என்று வாதம் வேறு.

தப்பு என்னுடையது. கிரியோல் சொற்களில் பெரும்பாலானவை பிரெஞ்சிலிருந்து வந்தவை, இங்கே பிரெஞ்சு புரியாதவர் குறைவு. முதல் எழுத்தைத் துப்பாகக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அதுவும் உதவாது. பிரெஞ்சுப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சுட்டுச்சொல் (லா, து போன்றவை) இங்கே சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் திலோ, திரி, திசெல் (உப்பு), திபேன் (ரொட்டி) என்று பாதி சமையலறை 'தி'யில்தான் தொடங்கும்.

பிரெஞ்சு கைகொடுக்காத சொற்களாகப் பார்த்து எடுங்கள். கூர்ப்பா (நத்தை), கராய் (வாணலி), ஆலூதா (நம் ஊர் ஃபலூதாவின் உறவுக்கார பானம்) மாதிரி. பழைய கப்பல்காரர்கள் விட்டுப்போன வினைகளும் அருமையானவை: அமார் என்றால் கட்டு, லார்க் என்றால் விடு.

அப்புறம் நம்முடையவை. கொத்தோமிலி (கொத்தமல்லி), பிப்பங்காய் (பீர்க்கங்காய்), ப்ரேத் மூரூம் (முருங்கைக்கீரை). தமிழர் ஆடினால் இவற்றைக் கடைசிச் சுற்றுக்கு வையுங்கள். எனக்கு 'கொத்தோமிலி' வந்தபோது யோசிக்காமல் தமிழில் முணுமுணுத்தேன், அட்டை போயிற்று. பிரெஞ்சுக்குத் தடை என்றால் தமிழுக்கும் தடைதான்.

3. தடைச்சொற்கள்

ஒரு மாதிரி: சொல், ஜுரீத் (ஆக்டோபஸ்). தடை: லாமேர் (கடல்), வீத் (எட்டு), விந்தாய் (அதை வைத்துச் செய்யும் கடுகு-மஞ்சள் பதார்த்தம்). யார் வாயிலும் முதலில் வரும் மூன்றையும் பூட்டினால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

துப்பு சொல்லும்போது ஒரு கண்ணி இருக்கிறது. தக்காளிக்கு (பொம்தாமூர்) நான் "ரூஜ்-ரூஜ்" என்று அழுத்திச் சொன்னேன். சிவக்கச் சிவக்க என்கிற நினைப்பு. என் அணி கேரட், சர்க்கரைவள்ளி என்று எங்கோ போயிற்று. கிரியோலில் நிறத்தை இரட்டித்தால் நிறம் வெளுத்துவிடும். ரூஜ்-ரூஜ் என்றால் லேசாகச் சிவந்தது. தமிழுக்கு நேர் எதிர்.

4. எழுத்து

கிரியோலை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பெரியவர்கள் பிரெஞ்சு மாதிரி. பள்ளிப் பிள்ளைகள் 2011இல் வந்த அதிகாரபூர்வ எழுத்துமுறையில். 2012 முதல் தொடக்கப் பள்ளியில் கிரியோல் விருப்பப் பாடம். என் கட்சி பிள்ளைகள் பக்கம். ஆர்னோ கார்புரானின் 'திக்சியோனேர் மொரிசியேன்' அகராதியை மேசையில் வைத்து, சண்டை வந்தால் அதைப் புரட்டுகிறோம்.

5. தொடக்கம்

இந்தத் தீவில் விடுகதை போடுபவர் "சிராந்தான்!" என்பார், கேட்பவர்கள் "சாம்பெக்!" என்பார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் முன்னால் இதைச் சொல்ல வைத்தேன்; வெட்கம் விட்டுப்போகிறது. சூடேற்ற இரண்டு பழைய விடுகதையும் போடலாம். "திலோ தெபூத்?", அதாவது நிற்கும் தண்ணீர்: கரும்பு. "திலோ பாந்தான்?", தொங்கும் தண்ணீர்: தேங்காய். சார்ல் பைசாக் 1888இல் வெளியிட்ட நாட்டார் தொகுப்பிலேயே இந்த வகை விடுகதைகள் உண்டு.

பின்சேர்க்கை: பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கும் ஒரு வாசகர் இதே அட்டைகள் அங்கே ஓடுமா என்று கேட்டிருந்தார். ஓடாது. இங்கே 'மோ மான்ஜே' என்பது அங்கே 'மி மான்ஜ்'. அது வேறு கிரியோல். பட்டியலை அங்கே உள்ளவர்களோடு உட்கார்ந்து புதிதாகப் போடுங்கள்.

இன்னொன்று: பாட்டிக்கு எழுத்து படிக்க வராது, என்ன செய்வது என்று ஒருவர். எதிரணியில் ஒருவர் காதில் சொல்லட்டும். எங்கள் வீட்டுக்காரப் பாட்டி அப்படித்தான் ஆடுகிறார், எல்லாரையும் தோற்கடிக்கிறார்.

கடைசியாக: 'ஆயோ' என்று ஓர் அட்டை போட்டிருந்தேன். நம் ஐயோவேதான், இங்கே எல்லாரும் சொல்வார்கள். எடுத்தவர் பார்த்தார், கஷ்டமான அட்டை என்று நெற்றியில் கை வைத்து "ஆயோ!" என்றார். அந்த அட்டையை எடுத்துவிட்டோம்.