செம்மண்ணிலும் கரிசலிலும் மெட்டல் டிடெக்டர்: வாங்குவதும் தேடுவதும்

மதுரைப் பக்கம் மெட்டல் டிடெக்டர் என்றதும் பலருக்கும் புதையல்தான் நினைவுக்கு வரும். அந்த ஆசையோடு கருவி வாங்காதீர்கள். களை எடுக்கும்போது கழன்று விழுந்த தோடு, தோப்பில் அறுந்த தாலிச் செயின், வாய்க்காலில் கை கழுவும்போது நழுவிய மோதிரம்: இவற்றைத் தேடி உரியவர் கையில் கொடுப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் இங்கே செய்யத் தகுந்த வேலை. என்ன கருவி வாங்குவது, எப்படித் தேடுவது என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொந்தப் பட்டா நிலத்தில் கிடைத்தாலும் இதே விதிதான். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசும் சிலையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொல்பொருள்; தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். ஆகவே கீழடி, கொந்தகை, அகரம், மணலூர் பக்கமும், சமணர் மலை, மாங்குளம், யானைமலை போன்ற குன்றுகளின் அடிவாரத்திலும் கருவியை வண்டியிலிருந்து இறக்கவே கூடாது.

பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் இல்லாத சாதாரண வயலிலும் ஓர் அடையாளம் உண்டு. உழுத மண்ணில் உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமான பானை ஓடுகள் நிறையத் தென்பட்டால் அது பழைய குடியிருப்பாகவோ ஈமக்காடாகவோ இருக்கலாம். தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஒரு காசு எந்த மண் அடுக்கில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் காலம் தெரிகிறது. அதைக் கொத்திப் பெயர்த்துவிட்டால் எந்த ஆய்வாளராலும் அந்தச் சேதியைத் திரும்பப் பெற முடியாது.

எந்த மெஷின்

கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பவற்றில் இந்த வேலைக்கு ஆவது வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவரிசை) வகை. தரைமேல் ஓட்டும் இதன் வட்டில் (காயில் என்பார்கள்) இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கும். ஒன்று காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். உலோகத்தில் அது சிறு மின்னோட்டத்தைக் கிளப்ப, அந்த மின்னோட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இன்னொரு சுற்று வாங்கிக்கொள்ளும். திரும்பி வருவதில் உள்ள தாமதத்தை வைத்து இரும்பா, அலுமினியத் தாளா, வெள்ளியா என்று மெஷின் ஓர் எண்ணைக் காட்டும். பல்ஸ் இண்டக்‌ஷன் வகை உப்பு மண்ணிலும் கடற்கரையிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் பலவீனம். ஆணியும் கம்பியும் நிறைந்த நம் நிலத்தில் அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆணிதான் தோண்ட வேண்டியிருக்கும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலாவது, கையால் திருத்தக்கூடிய கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தை அடக்கும் வசதி. நம் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். மண்ணே மெஷினுக்குச் சத்தம் கொடுக்கும். இந்த வசதி இல்லாத மலிவு மெஷின் வீட்டுத் தரையில் அருமையாகக் கத்தும், மேலூர்ப் பக்கச் செம்மண்ணில் இறங்கியதும் ஓயாமல் கத்தும். இரண்டாவது, டபுள் டி வகைக் காயில், அதாவது D எழுத்து வடிவில் இரண்டு சுற்றுகள் உள்ளது. இது மண்ணின் இரைச்சலைக் குறைவாக வாங்கும். மூன்றாவது, அலைவரிசை. தோடு, மூக்குத்தி போன்ற சிறு தங்கத்துக்கு 12 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றது. 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ளவை பெரிய வெள்ளி, செம்புப் பொருளுக்கு நல்லவை, சிறு தங்கத்தைத் தவறவிடும். ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் இயங்கும் மெஷின் வாங்க முடிந்தால் இந்தக் கவலையே இல்லை. காயில் தண்ணீர் புகாததாக இருப்பது அவசியம். 10 அல்லது 11 அங்குலக் காயிலோடு வந்தால், பின்னால் 6 அங்குலக் காயில் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உழவுச் சாலுக்குள்ளும் குப்பை மண்டிய இடத்திலும் அதுதான் கைகொடுக்கும்.

ஆழத்தைப் பற்றிய விளம்பரங்களை நம்ப வேண்டாம். நல்ல வி.எல்.எஃப். மெஷினுக்கு ஒரு காசு 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் வரை தெரியும். சிறு தோடு அதில் பாதி ஆழத்தில் கிடந்தாலே சந்தேகம்தான். முப்பது அடிக்குக் கீழே உள்ள தங்கத்தை நூறு மீட்டர் தூரத்திலிருந்தே காட்டும் என்று ஆன்டெனா கம்பியோடு விற்கப்படுபவை ஏமாற்று. கையில் பிடித்த கம்பி தானாகத் திரும்புவதற்குக் காரணம் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு அசைவு. இவற்றுக்குப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

மெஷினோடு பின்பாயின்டர் ஒன்றும் வாங்குங்கள். முழ நீளத்துக்கும் குறைவான இந்தக் குச்சியைக் குழிக்குள் நீட்டினால் உலோகம் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்று அதிர்ந்து சொல்லும். இது இல்லாமல் மண்ணை விரலால் பிசைந்து தேடினால், ஐந்து நிமிட வேலை அரை மணி நேரம் இழுக்கும். ஹெட்போன் கட்டாயம்: ஆழத்தில் கிடப்பதன் சத்தம் மிக மெலிது, பம்புசெட் ஓடும் இடத்தில் ஸ்பீக்கரில் காதில் விழாது. களைக்கொத்து, பிரித்து விரித்த ஓர் உரச்சாக்கு, கயிறு, நாலைந்து முளைக்குச்சி ஆகியவை வீட்டிலேயே இருக்கும்.

வீட்டுக் கொல்லையில் பழகுவது

முதல் மாதம் வெளியே போகாமல் கொல்லையிலேயே பழகுங்கள். ஓர் இடத்தை மெஷினால் தடவி, அங்கிருக்கும் ஆணி, கம்பியை எல்லாம் எடுத்துவிடுங்கள். பிறகு முக்கால் மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாகப் புதையுங்கள்: 5 சென்டிமீட்டரில் வெள்ளி மெட்டி, 10 சென்டிமீட்டரில் ஒரு ரூபாய்க் காசு, 15 சென்டிமீட்டரில் பத்து ரூபாய்க் காசு, நடுநடுவே சோடா மூடி, மாத்திரை அட்டைத் துண்டு, இரண்டங்குல ஆணி. ஒவ்வொன்றின் மேலும் குச்சி நட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புதிதாகத் தோண்டிய மண் இளகி இருப்பதால் சிக்னல் முதலில் சற்று ஏமாற்றும். ஒரு மழை பெய்து இறுகிய பின் கேட்டால் உண்மையான சத்தம் தெரியும். தங்கத்தைப் புதைக்க வேண்டாம். மோதிரத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் வைத்துப் பார்த்தால் போதும்.

இந்தப் பயிற்சியில் இரண்டு பாடங்கள் கிடைக்கும். இப்போது புழங்கும் ஒரு ரூபாய்க் காசு, சுமார் 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் கலந்த எஃகு, காந்தத்தில் ஒட்டும். அதனால் மெஷின் அதை இரும்பு என்றும் நல்ல உலோகம் என்றும் மாறி மாறிச் சொல்லும். தட்டையான சோடா மூடியும் அப்படித்தான். பழைய ஐந்து பைசா, பத்து பைசா அலுமினியக் காசுகள் தெளிவாகவே ஒலிக்கும். இன்னொன்று முக்கியமானது: மாத்திரை அட்டையின் அலுமினியமும் தங்கத் தோடும் ஏறத்தாழ ஒரே எண்ணில் விழும். ‘அட்டை வேண்டாம்’ என்று அந்த எண்ணை அடைத்தால் தங்கத்தையும் சேர்த்து அடைக்கிறீர்கள். நகை தேடும்போது எதையும் வடிகட்டாமல், ஆல் மெட்டல் நிலையில் வைத்து எல்லாவற்றையும் தோண்டுவதுதான் வழி.

வட்டமாக மூடியுள்ள மோதிரம் மிக நன்றாகச் சத்தம் கொடுக்கும், ஏனென்றால் மின்னோட்டம் அதைச் சுற்றி ஓட வழி இருக்கிறது. வாய் திறந்த மெட்டி எடை கூடுதலாக இருந்தாலும் மெலிதாகத்தான் ஒலிக்கும். மெல்லிய செயின் இதைவிட மோசம்: மெஷினுக்கு அது ஒரு பொருளாகத் தெரியாது, தனித்தனிக் கண்ணிகளாகத்தான் தெரியும். நாலு பவுன் செயின் மண்ணுக்கு மேலேயே கிடந்தும் மெஷின் அதைத் தாண்டிப் போவதுண்டு. தாலிச் செயினைத் தேடும்போது மாங்கல்யம், லட்சுமிக் காசு, கொக்கி இவற்றின் சத்தத்துக்குத்தான் காது கொடுக்க வேண்டும்.

தொலைந்த இடத்தில்

நகை தொலைந்ததாகக் கூப்பிட்டால், போனிலேயே சொல்ல வேண்டியது ஒன்று: டிராக்டர் இறங்க வேண்டாம். ரோட்டவேட்டர் ஒரு சுற்று ஓடினால் செயின் துண்டாகி, மேலே கிடந்தது மண்ணுக்குள் ஆழமாகப் போய், தள்ளியும் இழுபட்டிருக்கும். தண்ணீர் பாய்ச்சுவதையும் ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.

போனதும் மெஷினை எடுக்காமல் தொலைத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். “அக்கா, புல்லுக்கட்டை எந்த வரப்புல இறக்கி வச்சீங்க? தலையில தூக்கிவிட்டது யாரு? எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?” தோடு கழல்வது பெரும்பாலும் சும்மாடும் கட்டும் காதை உரசும் அந்த நேரத்தில்தான். நிலம் முழுக்க ஓர் ஏக்கர் இருந்தாலும், இப்படிக் கேட்டால் தேட வேண்டிய இடம் நாலு சென்ட்டுக்குச் சுருங்கிவிடும். தேடும்போது நிலத்துக்காரரும் கூடவே நிற்க வேண்டும். குத்தகைக்காரர், பங்காளி என்று உரிமை கலந்த நிலமானால் அவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். குலதெய்வக் கோயில் திடலானால் ஊர்ப் பெரியவர்களும் பூசாரியும் சம்மதிக்காமல் ஒரு பிடி மண்ணும் தொடாதீர்கள். வைகை மணலும் கண்மாய்ப் படுகையும் அரசு நிலம். சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகு ஆற்றில் தேட நினைத்தாலும் நீர்வளத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். இரவில் எங்கேயும் தேட வேண்டாம்: டார்ச்சோடு மண்ணைத் தோண்டுபவரைப் பார்த்தால் ஊர் புதையல் திருட்டு என்றுதான் நினைக்கும்.

காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். செல்போனை வரப்பில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் மெஷின் இரையும். இரும்பு முனை வைத்த ஷூ, கைக்காப்பு கூடாது. சீமைக் கருவேல முள்ளுக்குத் தடித்த ரப்பர் அடி உள்ள ஷூ வேண்டும். மேலே மின்கம்பி போனால் அலைவரிசையைச் சற்று மாற்றிப் பாருங்கள், பிறகும் இரைந்தால் சென்சிடிவிட்டியை (மெஷினின் உணரும் திறனை) குறையுங்கள். சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்பது தவறான நம்பிக்கை; இரைச்சல்தான் கூடும். எழுபது, எண்பது விழுக்காட்டில் அமைதியாக ஓடும் மெஷின்தான் கண்டுபிடிக்கும்.

அடுத்தது கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத ஒரு திட்டைத் தேர்ந்து, காயிலைத் தரைக்கு இரண்டு விரல் உயரத்திலிருந்து முழங்கால் அளவு வரை ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் சரி. செம்மண் நிலத்தில் செய்ததை வைத்துக்கொண்டு திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் தேடினால் தப்பாகும். மண் நிறம் மாறினால் திரும்பச் செய்ய வேண்டும். கோடையில் கரிசல் பிளந்திருக்கும்போது வெடிப்புக்கு மேல் காயில் போனாலே பொய்ச் சத்தம் வரும். சரளைக் கல்லும் சுட்ட செங்கல் துண்டும்கூட அப்படியே ஏமாற்றும். காயிலை ஓர் அங்குலம் உயர்த்தினதும் மறைந்துபோகிற சத்தம் பெரும்பாலும் மண்ணோ கல்லோதான்.

கயிறும் முளைக்குச்சியும் வைத்து ஒரு மீட்டர் அகலப் பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காயில் தரைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே, சாயாமல் போக வேண்டும். புதியவர்கள் எல்லோரும் வீச்சின் இரு முனையிலும் கையைத் தூக்குவார்கள், தவறவிடுவது அங்கேதான். ஒரு வீச்சுக்கு இரண்டு விநாடி எடுத்து, ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியை மூடும்படி நகருங்கள். தெற்கு வடக்காக முடித்ததும், கிழக்கு மேற்காக இன்னொரு முறை. செங்குத்தாகச் சொருகிக் கிடக்கும் தோடு ஒரு திசையில் ஒலிக்காமல் மறு திசையில் ஒலிக்கும்.

சத்தம் வந்ததும் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி நடுப்புள்ளியைப் பிடியுங்கள். அதன் மேல் நேராகக் கொத்தக் கூடாது. நாலு விரல் தள்ளிக் கொத்தி, மண்கட்டியை அப்படியே பெயர்த்து உரச்சாக்கில் வையுங்கள். குழியை மறுபடி மெஷினால் பாருங்கள். சத்தம் நின்றிருந்தால் பொருள் சாக்கில் இருக்கிறது. கிடைத்தது ஆணியோ மூடியோ எதுவானாலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே எறிந்தால் அடுத்த சுற்றில் அதே குப்பை திரும்பக் கூப்பிடும். குழியை உடனே மூடி மிதித்துவிடுங்கள், மாட்டுக் காலுக்கு அது ஆபத்து.

மேலூர்ப் பக்கம் கல் குவாரிகளுக்கு அருகே ஒரு எச்சரிக்கை. விரல் நீளத்தில் செம்பு அல்லது அலுமினியக் குழாய், முனையில் ஒயரோடு தென்பட்டால் அது வெடிக்காத டெட்டனேட்டராக இருக்கலாம். மெஷினில் இது நல்ல சிக்னலாகவே வரும். தொடாமல், தட்டிப் பார்க்காமல், ஆட்களை விலக்கிவிட்டு 112-க்குப் போன் செய்யுங்கள்.

மூக்குத்தி, தோட்டின் திருகாணி இரண்டுக்கும் வழி தனி. அவ்வளவு சிறியதை நடந்துகொண்டே பிடிப்பது அரிது. 6 அங்குலக் காயிலை மாட்டி, காயில் மண்ணை உரசும்படி மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சத்தம் இல்லையென்றால், விழுந்ததாகச் சொல்லும் இடத்தில் இரண்டங்குல மேல் மண்ணை வழித்தெடுத்து, காய்ந்திருந்தால் மணல் சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். ஈர மண்ணானால் மெஷினைத் தரையில் படுக்கவைத்து, காயில் மேல் நோக்கி இருக்க, மண்ணைப் பிடிபிடியாக அதன் மேலாக வீசிக் காட்டுங்கள். சத்தம் வந்த பிடியைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதி ஒலிக்கிறது என்று பார்த்து, அதையும் பாதியாக்கிக்கொண்டே போனால் திருகாணி உள்ளங்கையில் நிற்கும்.