சோலாரிஸ் திராட்சை: ‘நோய் எதிர்ப்பு’ என்ற சொல்லை நம்பிச் செய்யும் தவறுகள்

“டென்மார்க் குளிரிலேயே காய்க்குதாம், நம்ம வெயிலுக்குக் காய்க்காதா அண்ணே?” வெள்ளை ஒயினுக்கான சோலாரிஸ் திராட்சையைப் பற்றிக் கீழ்மாடி நண்பர் கேட்டார். குச்சி தருவித்து, சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையில் தொட்டி வைக்கலாம் என்பது அவர் திட்டம்.

கணக்கு அங்கேயே தப்பு. சோலாரிஸ் சீக்கிரம் பழுக்கும் ரகம். அதனால்தான் வட ஐரோப்பாவின் குட்டிக் கோடை அதற்குப் போதும். ஆனால் அதற்கு முன் குளிர்காலத்தில் கொடி உறங்கியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏது உறக்கம்? தமிழ்நாட்டுக் கம்பம் ஊரின் பன்னீர் திராட்சையைக்கூடக் கிளைகளை வெட்டி, கவாத்து மேல் கவாத்து செய்துதான் காய்க்க வைக்கிறார்கள்.

பெரிய தவறு, சோலாரிஸுக்குச் சொல்லப்படும் ‘நோய் எதிர்ப்பு’ என்றால் எந்த நோயும் அண்டாது என்று நினைப்பது. 1975-இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் நோர்பெர்ட் பெக்கர் இதை உருவாக்கியபோது குறிவைத்தது முக்கியமாக அடிச்சாம்பல், சாம்பல் என்ற இரண்டு பூஞ்சை நோய்களைத்தான். என் தொட்டியில் நின்றது பன்னீர் ரகம். இரண்டு வருடம் கம்பியில் படர்ந்தது, ஒரு கொத்துகூட இல்லை. ஒருநாள் இலையைத் திருப்பினால் அடியெல்லாம் ஆரஞ்சுத் தூள், விரலில் மஞ்சளாக ஒட்டியது. துரு நோய். வெப்பநாட்டுத் தொல்லையான அதை மனதில் வைத்து சோலாரிஸ் உருவாக்கப்படவில்லை. ஐரோப்பாவிலேயே மருந்தடிப்பு குறைகிறதே தவிர, அடியோடு நிற்பதில்லை. பூஞ்சையும் பழகிக்கொள்ளும். போதாக்குறைக்கு, சீக்கிரம் இனிக்கும் பழத்தைத் தேடிக் குளவிகள் வரும். அதற்கு எந்த எதிர்ப்பும் உதவாது.

சோலாரிஸ் ஒரு கலப்பினம் என்றதும் மரபணு மாற்றம் என்று பயப்படுபவர்களும் உண்டு. இது மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய சாதாரணக் கலப்பு, ஆசியக் காட்டுத் திராட்சையின் இரத்தமும் கொஞ்சம் ஓடுகிறது, அவ்வளவுதான். விதை போட்டால் தாய்க்கொடியின் குணம் அப்படியே வராது, குச்சிதான் வழி. அதையும் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். தாவர நலச் சான்றிதழும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும்.

சரி, வளர்க்காமல் குடிக்க மட்டும் ஆசையா? வெள்ளை ஒயின் என்றால் லேசு என்று நம்பாதீர்கள். நன்றாகப் பழுக்கவிட்ட சோலாரிஸில் சர்க்கரை ஏறும், கூடவே ஆல்கஹாலும் ஏறும். லேபிளைப் பாருங்கள். போத்தலை அடுப்பங்கரை அலமாரியில் மாதக்கணக்கில் வேகவிடாதீர்கள். அப்புறம், கோப்பிக்கடை பியர் பழக்கத்தில் ஐஸ் கட்டி போட்டால் வாசனையும் போய் தண்ணீரும் சேரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மேசையில் வையுங்கள். நம்ம ஊர்ச் சூட்டுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.