பீலித் தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறதா? அட்டை வைத்துப் பார்க்கும் முறை

நுவரெலியா பக்கம் மேட்டில் கரட்டும் லீக்ஸும், அதற்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம், லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலி. மேலே அடிக்கிற பூச்சிமருந்து மழையோடு எங்கே இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. மரக்கறியில் மருந்து பார்க்க விற்கும் நொதிய அட்டையிலேயே இதையும் ஓரளவு பார்க்கலாம்.

அட்டையில் ஒரு வெள்ளை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். வெள்ளையில் இருப்பது அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ், நம் நரம்பிலும் பூச்சியின் நரம்பிலும் வேலை செய்கிற நொதியம். அது சிவப்பில் உள்ள பொருளை உடைத்தால் நீலம் வரும். ஓர்கனோபொஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் நொதியத்தை முடக்கிவிடுவதால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும்.

மருந்து அடித்தபின் வரும் முதல் மழையிலேயே தண்ணீரைப் பிடியுங்கள். கண்ணாடிப் போத்தல்தான் நல்லது, பிளாஸ்டிக்கில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்ளும். கலங்கல் தெளிந்ததும் வெள்ளை வட்டத்தில் இரண்டு மூன்று துளி விட்டு, 10 நிமிடம் கழித்து, சிவப்பு அதன்மேல் படும்படி மடித்து 3 நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

நான் முதலில் செய்தது தை மாதப் பனியில், பீலியடியில் நின்றபடியே. நீலம் வரவேயில்லை. லயம் முழுக்கச் சொல்லிப் பயமுறுத்திவிட்டேன். அப்புறம் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை விட்டுப் பார்த்தால் அதிலும் வெள்ளை! குளிரில் நொதியம் மந்தமாகிவிடுகிறது, அவ்வளவுதான். அதற்கு உடம்புச் சூடு வேண்டும், அந்தப் 10 நிமிடமும் அட்டையைச் சட்டைக்குள் வைத்திருங்கள். வடித்த தண்ணீருக்கும் ஓர் அட்டை கூடவே வையுங்கள். அது நீலமாகி, பீலித் தண்ணீர் அட்டை மட்டும் வெள்ளையாக நின்றால்தான் கணக்கு. பிளீச்சிங் பவுடர் போட்ட தாங்கித் தண்ணீரை எடுக்காதீர்கள், குளோரீனும் நொதியத்தைக் கெடுக்கும்.

நீலம் வந்தால் சுத்தம் என்று நினைத்துவிடவும் கூடாது. கிளைபோசேட், பரகுவாட் என்ற களைக்கொல்லிகள் இதில் தெரியாது. ஐரோப்பாவில் குடிநீருக்கு ஒரு பூச்சிமருந்து லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம்தான் எல்லை, இந்த அட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்பதையும் நம்பாதீர்கள்.

இரண்டு தரம் வெள்ளை வந்தால் வேறு போத்தலில் கழுத்துவரை நிரப்பி, கறுப்புத் தாள் சுற்றி, இடமும் நேரமும் எழுதி, ஐஸில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.