டர்பனில் அருந்ததி பார்ப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்யாண மண்டபம். அம்மி மிதித்தாயிற்று. ஐயர் வாசல் பக்கம் கையை நீட்டி “அருந்ததி பாருங்கோ” என்கிறார். உச்சி வெயில் நேரம்! சரி, பகலில் எந்த ஊரிலும் தெரியாதுதான். ஆனால் இங்கே இரவிலும் லேசில் அகப்படாது. டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. அருந்ததி எவ்வளவு ஏறினாலும் வடக்கு அடிவானத்துக்கு மேலே 5 பாகைதான். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் அந்த உயரம். துருவ நட்சத்திரம் அறவே கிடையாது.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வான நினைவுகளைச் சேகரிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது இதில்தான். தமிழ்நாட்டு வானத்தை அப்படியே தூக்கி இங்கே போர்த்திவிடுகிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தபோது பேச்சும் சாமியும் கூடவே வந்தன. வடக்கு நட்சத்திரங்கள் பின்தங்கிவிட்டன. சென்னையில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்திய நட்சத்திரமோ இங்கே வெகு உயரத்துக்கு ஏறிவிடுகிறது. வானம் மாறிய பிறகும் சடங்கு எப்படி நிலைத்தது என்பதல்லவா கேட்க வேண்டியது?

அடுத்தது, பதிலை வாயில் ஊட்டுவது. நானே செய்திருக்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் ஆயாவிடம் கைப்பேசியில் நட்சத்திரப் படத்தைக் காட்டி, “இதுதானே கார்த்திகை?” என்றேன். “ஆமாம் சாமி.” வேறொன்றைக் காட்டினேன். அதற்கும் “ஆமாம் சாமி.” பிள்ளை வருத்தப்படக் கூடாது என்ற நல்லெண்ணம், அவ்வளவுதான். அப்புறம் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, “கரும்பு வெட்டப் போன காலத்தில் வீட்டில் எப்படி நேரம் பார்த்து எழுந்தீர்கள்?” என்று கேட்டேன். வெள்ளி முளைப்பது, கோழி கூவுவது, அடுப்பில் சாம்பல் தள்ளுவது என்று அரை மணி நேரம் பேசினார்.

ஒப்பிடும் ஆசை இன்னும் ஆபத்தானது. கார்த்திகைக் கூட்டத்தை இந்நாட்டின் ஜூலு, கோசா மக்கள் இசிலிமேலா என்கிறார்கள். ‘லிமா’ என்றால் நிலத்தைக் கொத்திப் பயிரிடுவது. ஜூன் மாத விடியலில் அது திரும்பத் தலைகாட்டினால் கொத்து வேலைக்குத் தயாராக வேண்டும் என்று கணக்கு. கோசா மொழியில் ஜூன் மாதத்தின் பெயரிலேயே இசிலிமேலா இருக்கிறது. ஆளாகும் சடங்கு முடித்த ஆண்கள் அதன்பின் கழிந்த ஆண்டுகளை அதை வைத்தே எண்ணுவார்கள். நமக்கோ அதே கூட்டம் கார்த்திகை மாத மாலையில் கிழக்கே எழுவது, விளக்கேற்றும் காலம். ஒன்று விடியலுக்கு, ஒன்று மாலைக்கு. இதைப் பார்த்ததும் “ஆதியில் எல்லாம் ஒன்றே” என்று கட்டுரை எழுதக் கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். வானில் பளிச்சென்று தெரியும் ஒரு கொத்தை இரண்டு மக்கள் தனித்தனியாகக் கவனித்திருக்கக் கூடாதா?

வானத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர் என்று பட்டியல் போடுவதும் உதவாது. ஜூலுவில் விடிவெள்ளி இக்வேசி. அதே வெள்ளி மாலையில் வந்தால் இசிசெலங்கோபே, அதாவது வேகவைத்த மக்காச்சோளம் கேட்பது. இரவுச் சாப்பாட்டு நேரம். பெயருக்குள் அடுப்பு எரிகிறது. (அதில் ‘செ’ நாக்கைப் பல்லில் சொடுக்கும் ஒலி. தமிழில் எழுத வழியில்லை, ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.)

“ஆப்பிரிக்கர்கள் சொல்வது” என்று மொத்தமாக எழுதுவது வெறும் சோம்பல். ஒரு பெண் அடுப்புச் சாம்பலை அள்ளி வானில் வீசியதில் பால்வெளி உண்டான கதை ஜூலுக் கதையல்ல, தென்னாப்பிரிக்கப் பழங்குடியான சான் மக்களில் ஸாம் பிரிவினருடையது. 1870களில் கேப் டவுனில் மொழி ஆய்வாளர்கள் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும் அவர்களிடம் கேட்டு நோட்டுகளில் எழுதி வைத்தார்கள். இன்று ஸாம் மொழி பேச ஆளில்லை.

அனுமதி கேட்காமல் பதிவு செய்வது, எடுத்துக்கொண்டு போனதைத் திரும்பக் காட்டாமல் விடுவது: இவற்றால் அலுத்துப்போய்த்தான் தென்னாப்பிரிக்க சான் மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள். நம் வீட்டு ஆயாவுக்கும் அது பொருந்தும். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். “வெள்ளி பார்த்து எழுந்தது அப்பா இல்லை சாமி, அம்மா. அப்பாவை எழுப்பினதே அம்மாதான்” என்று திருத்தினார்.